நிலநடுக்கப் பதிவு நமக்கெதற்கு என்பவர்களுக்கு

சென்னைக்கு நிலநடுக்க ஆபத்து குறைவு. வந்தாலும் கவனித்துக்கொள்ள டெல்லியில் தேசிய நிலநடுக்கவியல் மையம் இருக்கிறது. சில நிமிடங்களில் ரிக்டர் எண் செல்போனுக்கு வந்துவிடுகிறது. அதற்குமேல் அலைப்பதிவைக் கம்ப்யூட்டரில் திறந்து ஆராய்வதெல்லாம் விஞ்ஞானிகளின் வேலை. அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் படிப்பவர்களுக்கும் வீடு கட்டுபவர்களுக்கும் அதனால் ஆவது ஒன்றுமில்லை. மேற்குப் புறநகரில் சிவில் பொறியியல் கற்பிப்பவர்கள், அடுக்குமாடி கட்டும் பில்டர்கள், பள்ளி அறிவியல் ஆசிரியர்கள் என்று பலரிடமும் வேரூன்றிய கருத்து இது.

இந்தக் கருத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. தீபகற்ப இந்தியா இமயமலை அடிவாரம் போன்றதல்ல. சென்னையில் வாழ்பவர்கள் யாரும் தங்கள் ஊரில் நிலநடுக்கத்தால் தெருவே சரிந்ததைக் கண்டதில்லை. அரசு மையத்தின் வேலையை அமெச்சூர்கள் செய்யப் புகுந்தால் பீதி பரவும் என்ற கவலையும் உண்மையானது. ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலை, அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பிரஸ்கள், மின்சார ரயில், லாரி என்று ஓயாமல் அதிரும் மண்ணில் எந்தக் கருவி எதைக் கேட்கும் என்ற கேள்வியும் அர்த்தமுள்ளதே. பாடத்திட்டம் ஏற்கெனவே நிரம்பி வழிகிறது என்பதையும் மறுக்க முடியாது.

இத்தனையையும் ஒப்புக்கொண்ட பிறகும் இந்த முடிவு தவறு என்கிறேன். ரிக்டர் எண் ஒரு தீர்ப்பு, அலைப்பதிவுதான் சாட்சியம். சாட்சியத்தைப் படிக்கத் தெரியாத பொறியாளர்களைக் கொண்டு லட்சக்கணக்கானோர் குடியிருக்கும் புறநகரைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். அந்தச் சாட்சியத்தைத் திறக்கும் மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, சாதாரணக் கம்ப்யூட்டரிலேயே ஓடுகின்றன. ஆட்சேபங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

1. ஆபத்து குறைவு என்றால் எவ்வளவு குறைவு? நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டடங்களுக்கான, 2002இல் திருத்தப்பட்ட ஐ.எஸ். 1893 விதித்தொகுப்பு சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தியது. அதற்கு முந்தைய ஆண்டு, 2001 செப்டம்பர் 25 இரவு எட்டரை மணியளவில் புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் ஏறக்குறைய 5.5 அளவில் ஏற்பட்ட நடுக்கத்தைச் சென்னை நன்றாகவே உணர்ந்தது. 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பகுதியில் 6 அளவையொட்டிய நடுக்கம் வந்தது. 2012 ஏப்ரல் 11 மதியம் சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் 8.6 அளவிலும், இரண்டு மணி நேரம் கழித்து 8.2 அளவிலும் நிலம் நடுங்கியபோது சென்னையின் அலுவலகங்கள் காலியாகின. மையம் இருந்தது ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் தொலைவில்.

தொலைவில்தானே என்று ஆறுதல் கொள்பவர்கள் அகமதாபாத்தைப் பார்க்க வேண்டும். 2001 ஜனவரி 26 அன்று கட்ச் நிலநடுக்கத்தின் மையம் அந்நகரிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்தது. அகமதாபாத்தின் பாஸ்போர்ட் அலுவலகக் கட்டடத்தில் இருந்த கருவியின் தரைத்தளப் பதிவில் அதிகபட்ச முடுக்கம் புவியீர்ப்பின் பத்தில் ஒரு பங்குதான். கேட்டால் சிறிதாகத் தெரியும். ஆனால் அங்கே பல அடுக்குமாடிகள் சரிந்தன, நகரில் எழுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விழுந்தவற்றில் பெரும்பாலானவை தரைத்தளத்தில் சுவரில்லாமல் தூண்களை மட்டும் நிறுத்திக் கார்களுக்கு இடம் விட்ட கட்டடங்கள். இன்று அம்பத்தூரிலிருந்து திருவேற்காடு வரை, அயப்பாக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை தெருத்தெருவாக எழும்பும் ஸ்டில்ட் பார்க்கிங் வீடுகளின் அமைப்பும் அதேதான். தூரத்து நடுக்கத்துக்கு மெதுவாக எழுந்தடங்கும் நெட்டை அலைகள் உண்டு. அவை நெடுந்தூரம் வலுவிழக்காமல் வந்து, மெதுவாக ஆடும் உயரக் கட்டடங்களைப் பிடித்துக்கொள்ளும். இதை விதித்தொகுப்பின் அட்டவணையில் மனப்பாடம் செய்வது வேறு. ஒரு தொலைதூரப் பதிவைத் திறந்து, இருபது விநாடிக்கு ஒருமுறை எழுந்தடங்கும் மேற்பரப்பு அலை அரைமணி நேரத்துக்கும் மேலாக ஓடுவதைக் கண்ணால் பார்ப்பது வேறு.

2. எண் வந்துவிட்ட பிறகு பதிவு எதற்கு? 2004 டிசம்பர் 26 இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. காலை 6:28 மணிக்கு சுமத்ராவில் தொடங்கிய பிளவு 1,200 கிலோமீட்டருக்கு மேல் நீண்டது. பிளந்து முடிய எட்டு நிமிடங்களுக்கு மேல் ஆனது. பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையத்தின் முதல் அறிக்கை சொன்ன அளவு 8.0. ஒரு மணி நேரம் கழித்து அது 8.5 ஆனது. 9ஐத் தொட்ட மதிப்பீடு வரும்போது நம் கரையில் அலை அடித்து முடிந்திருந்தது. முதல் எண்ணில் பிழை நேர்ந்ததற்குக் காரணம் அலட்சியம் அல்ல. குட்டை அலைகளைக் கொண்டு விரைந்து கணிக்கும் முறை மிகப் பெரிய நடுக்கங்களில் ஓர் உச்சவரம்பில் முட்டி நின்றுவிடும். பிளவு எவ்வளவு நேரம் நீடித்தது, நெட்டை அலையில் எவ்வளவு ஆற்றல் போனது என்பதெல்லாம் பதிவில் இருந்தது, எண்ணில் இல்லை. பூந்தமல்லியில் ஒரு மாணவன் அன்று பதிவைப் பார்த்திருந்தால் மெரினா தப்பியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை அமைப்பே அன்று இல்லை; ஐதராபாத் மையம் 2007இல்தான் வந்தது. எண் என்பது பதிவிலிருந்து ஒரு முறைப்படி கறந்தெடுக்கப்பட்ட சுருக்கம், முறை மாறினால் எண்ணும் மாறும் என்பதைத்தான் சொல்கிறேன். 2019 பிப்ரவரி 12 காலை வங்கக் கடலில் நேர்ந்த நடுக்கத்தைச் சென்னை உணர்ந்தது. அதற்கு அமெரிக்க நிலவியல் ஆய்வகம் சொன்ன அளவு 4.9, நம் தேசிய மையம் சொன்ன அளவு 5.1. யார் சொல்வது சரி என்று வாட்ஸ்அப்பில் சண்டை போடுபவர்களுக்கு, இரண்டும் எப்படிக் கணிக்கப்பட்டன என்று கேட்கத் தோன்றுவதே இல்லை.

பதிவைப் படிப்பது எட்டாக்கனி அல்ல. கண்டிக்கு அருகே பல்லேக்கலேயில் உலக நிலநடுக்க வலையமைப்பின் நிலையம் ஒன்று இருக்கிறது. சென்னைக்குத் தெற்கே ஏறக்குறைய 650 கிலோமீட்டர். வடக்கே ஐதராபாத்தில் பிரான்சின் ஜியோஸ்கோப் வலையமைப்பைச் சேர்ந்த நிலையம் இருக்கிறது. இவற்றின் பதிவுகளை யாரும் இறக்கிக்கொள்ளலாம். அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் ஸ்வார்ம் என்ற இலவச மென்பொருளில் அந்தக் கோப்பைத் திறந்தால் அலைவரி விரியும். ஒரு பொத்தானில் அதிர்வெண் வாரியான வண்ணப்படம் கிடைக்கும். முதலில் வரும் பி அலையையும் பின்னால் வரும் எஸ் அலையையும் குறித்து இடைவெளியை விநாடியில் அளக்கலாம். அருகில் நேரும் நடுக்கமென்றால் அந்த விநாடியை எட்டால் பெருக்கினால் கிலோமீட்டரில் தொலைவு கிடைத்துவிடும்: 20 விநாடி என்றால் சுமார் 160 கிலோமீட்டர். 2004 சுமத்ரா நடுக்கத்தின் பி அலை நான்கு நிமிடத்துக்குள் பல்லேக்கலேயைத் தொட்டது, எஸ் அலை சுமார் மூன்று நிமிடம் பின்தங்கி வந்தது. அவ்வளவு தொலைவுக்கு எட்டாம் வாய்ப்பாடு பொருந்தாது. பயண நேர வளைவு வேண்டும். ஏன் பொருந்தாது என்று கேட்கும் மாணவன் பூமிக்குள் ஆழம் போகப் போக அலையின் வேகம் கூடுவதைத் தானே கண்டுகொள்கிறான். மேலும் போக விரும்புபவர்களுக்கு ம்யூனிக்கில் பிறந்த ஆப்ஸ்பை நிரல் தொகுப்பு இருக்கிறது, நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகம் தரும் சைசன் இருக்கிறது.

3. தொழிற்பேட்டை இரைச்சலில் என்ன தெரியும் என்கிறார்கள். இரைச்சலே தெரியும், அதுதான் நமக்கு வேண்டியது. அம்பத்தூர்ப் பட்டறைகளில் ஓடும் மோட்டார்களில் பலவற்றின் பெயர்த்தகட்டில் நிமிடத்துக்கு 1,440 சுற்று என்று இருக்கும். விநாடிக்கு 24 சுற்று. மோட்டார் ஓடும் நேரமெல்லாம் வண்ணப்படத்தில் 24 என்ற இடத்தில் நேர்க்கோடாக அது நிற்கும், நிறுத்தினால் மறையும். ரயில் நெருங்கும்போது மெல்லப் பெருகி, கடந்ததும் மெல்லத் தேயும். பிரஸ் சீரான இடைவெளியில் குத்துக் குத்தாக விழும். நிலநடுக்கம் இவற்றில் எதைப்போலவும் இருக்காது: சட்டென்று ஒரு தொடக்கம், சற்றுப் பொறுத்து இன்னும் பலமாக இரண்டாவது தொடக்கம், பிறகு நீண்ட வால். நிலநடுக்க நிலையங்களை ஊருக்கு வெளியே பாறைமேல் அமைப்பது சரியான நடைமுறைதான். அது தூரத்து நடுக்கத்தைத் தெளிவாகக் கேட்பதற்கு. நம் காலடி மண் எப்படி ஆடும் என்று அறிய நம் மண்மேல்தான் கருவியை வைக்க வேண்டும்.

2020இல் ஊரடங்கின்போது உலகெங்கும் நிலையங்களில் பதிவாகும் மனித இரைச்சல் பல இடங்களில் பாதியாகக் குறைந்ததை 117 நாடுகளின் பதிவுகளைக் கொண்டு சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வுக் குழு காட்டியது. எல்லோரும் வடிகட்டி எறிந்த இரைச்சலே அங்கே ஆய்வுப் பொருளானது.

இதைவிட நம் வட்டாரத்துக்குப் பயன்படும் சங்கதி ஒன்று உண்டு. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் சார்னகைட் பாறை மேலேயே தலைகாட்டுகிறது. ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் அப்படியல்ல. கோண்டுவானாக் காலத்துக் களிமண்ணும் ஷேலும், அவற்றின்மேல் ஆற்று வண்டலும் ஏரி வண்டலும். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ஆவடியின் பருத்திப்பட்டு ஏரி எல்லாவற்றின் விளிம்பிலும் வீடுகள் நெருங்கிவிட்டன. இளகிய மண் கீழிருந்து வரும் அதிர்வை அப்படியே கடத்தாது. தனக்குப் பிடித்த அதிர்வெண்ணில் பெருக்கிக் காட்டும். அந்த அதிர்வெண் எது என்று கண்டறிய ஜப்பானியர் நகாமுரா 1989இல் பரப்பிய முறை எளியது. மூன்று திசையிலும் பதியும் கருவி ஒன்றை வைத்து அரைமணி நேர இரைச்சலைப் பதிந்து, கிடைமட்ட அதிர்வைச் செங்குத்து அதிர்வால் வகுத்தால் போதும். ஜியாப்ஸி என்ற இலவச மென்பொருள் இதைச் செய்து தரும்.

கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். எஸ் அலை விநாடிக்கு 200 மீட்டர் போகும் இளகிய மண் 20 மீட்டர் தடிமனில் இருப்பதாக வையுங்கள். வேகத்தைத் தடிமனின் நான்கு மடங்கால் வகுத்தால் விநாடிக்கு 2.5 ஆட்டம், அதாவது ஓர் ஆட்டத்துக்கு 0.4 விநாடி. ஸ்டில்ட் போட்டு மூன்று மாடி எழுப்பிய 12 மீட்டர் உயரக் கான்கிரீட் கட்டடத்துக்கு ஐ.எஸ். 1893 சூத்திரம் தரும் ஆட்டக் காலம் சுமார் 0.48 விநாடி. மண்ணும் கட்டடமும் கிட்டத்தட்ட ஒரே தாளத்தில் ஆடும் நிலை இது. மெக்சிகோ நகரம் பழைய ஏரிப்படுகைமேல் நிற்கிறது. 1985 செப்டம்பர் 19 அன்று 350 கிலோமீட்டருக்கு அப்பால் எழுந்த 8.0 நடுக்கத்தில், ஏரிக் களிமண்ணின் இரண்டு விநாடித் தாளத்துக்கு ஒத்துப்போன நடுத்தர உயரக் கட்டடங்கள்தான் அதிகம் விழுந்தன, ஆயிரக்கணக்கானோர் மடிந்தார்கள். கொரட்டூர் களிமண் மெக்சிகோ களிமண் அல்ல. அது எப்படிப்பட்டது என்று தெருவாரியாக அளந்து பார்த்திருக்கிறோமா? சாயில் டெஸ்ட் எடுக்கிறோம் என்று பில்டர்கள் சொல்வார்கள். அந்த அறிக்கை மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று சொல்லும். எந்தத் தாளத்தில் ஆடும் என்று பெரும்பாலும் சொல்லாது. நகர அளவில் நுண்மண்டல வரைபடங்கள் தயாராகியிருக்கின்றன, ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் உழைத்திருக்கிறார்கள். அந்த வரைபடத்தின் ஒரு கட்டத்துக்குள்ளேயே ஏரி, மேடு, நிரப்பிய மனை எல்லாம் அடங்கிவிடும் இடம் நம் புறநகர்.

4. அரைகுறையாய்ப் படித்தால் வதந்தி பரவும் என்பது வலுவான ஆட்சேபம். ஆனால் வதந்தி எங்கே பரவுகிறது? சாட்சியம் பொதுவில் இல்லாத இடத்தில். 2023 பிப்ரவரி 6 அன்று துருக்கியில் நிலநடுக்கம். அதைத் தொடர்ந்து, அடுத்தது இந்தியாதான் என்று வெளிநாட்டவர் ஒருவரின் கோள் நிலைக் கணிப்பு செல்போன்தோறும் சுற்றியது. பிப்ரவரி 22 அன்று அண்ணா சாலை, ஒயிட்ஸ் சாலைப் பகுதியில் கட்டடங்கள் அதிர்ந்ததாக மக்கள் வெளியே ஓடி வந்தார்கள். மெட்ரோ வேலை என்றார்கள்; அங்கே அப்போது வேலை எதுவும் நடக்கவில்லை என்றது மெட்ரோ நிர்வாகம். நிலநடுக்கம் எதுவும் பதிவாகவில்லை என்றது தேசிய மையம். சரி, அப்படியானால் அதிர்ந்தது என்ன? அந்தத் தெருவில் ஒரு கருவியும் அதன் பதிவைத் திறக்கத் தெரிந்த ஒருவரும் இருந்திருந்தால், இயந்திரமா, வாகனமா, வேறெதுவுமா என்று அதிர்வெண்ணைக் கொண்டே சொல்லியிருக்கலாம். மெட்ரோ இப்போது பூந்தமல்லி வரை வந்துவிட்டது. இந்தக் கேள்வி நாளை போரூரிலும் குமணன்சாவடியிலும் எழும்.

பிழை நேரும் என்பது உண்மை. புதிதாகப் பழகுபவர்கள் பதிவில் இருப்பது உலகப் பொது நேரம் என்பதை மறந்து, ஐந்தரை மணி நேரம் தள்ளித் தேடுவார்கள். கருவியின் குணத்தைக் கழிக்காமல் அலையின் உயரத்தை நம்புவார்கள். முன்னும் பின்னுமாக ஓடும் வடிகட்டியைப் போட்டுவிட்டு, பி அலை உண்மையில் வந்த நேரத்துக்கு முன்பே வந்ததாகக் குறிப்பார்கள். முடுக்கப் பதிவின் அடிக்கோட்டைத் திருத்தாமல் இருமுறை தொகையிட்டு, நிலம் பல மீட்டர் நகர்ந்ததாக வியப்பார்கள். இந்தப் பிழைகளைக் கல்லூரி ஆய்வகத்தில் செய்து திருத்திக்கொண்டவன்தான் வாட்ஸ்அப் செய்தியைச் சந்தேகிக்கக் கற்றவன். நிலநடுக்க அளவை அறிவிக்கும் அதிகாரம் அரசு மையத்திடமே இருக்கட்டும். படிக்கும் உரிமைக்கும் அறிவிக்கும் உரிமைக்கும் வேறுபாடு உண்டு.

அமெச்சூர் பதிவால் அறிவியலுக்குப் பயனில்லை என்பவர்கள் ஹைட்டியை அறிய வேண்டும். 2021 ஆகஸ்ட் 14 அன்று 7.2 நடுக்கம் வந்தபோது, மையத்துக்கு அருகே இயங்கிக்கொண்டிருந்தவை தன்னார்வலர்கள் வீட்டில் வைத்திருந்த ராஸ்பெர்ரி ஷேக் என்ற சிறு கருவிகள். பின்னதிர்வுகளை உடனுக்குடன் தொடர்ந்து ஆராய அவையே உதவின. அந்த ஆய்வு மறு ஆண்டு சயின்ஸ் இதழில் வெளியானது.

5. செலவும் நேரமும் எங்கே? விநாடிக்கு 20 மாதிரி எடுக்கும் ஒரு தடத்தின் ஒரு மணி நேரப் பதிவு 72,000 எண்கள். செல்போனில் எடுக்கும் ஒரு புகைப்படம் இதைவிடப் பெரிய கோப்பு. மென்பொருளுக்குக் காசில்லை. கருவி வாங்காமலே பல்லேக்கலேயின் பதிவைக் கொண்டு ஓராண்டுக்குப் பாடம் நடத்தலாம். மெனு ஆங்கிலத்தில் இருக்கிறது என்பதைத் தடையாகச் சொல்கிறார்கள்; பத்துப் பக்கத் தமிழ்க் கையேடு எழுதினால் அது தீர்ந்தது. நேரம் இல்லை என்பதை ஏற்க மாட்டேன். 1940 எல் சென்ட்ரோ நிலநடுக்கப் பதிவைப் பற்றிப் பரீட்சையில் எழுதுகிறார்கள், அந்தப் பதிவைத் திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? விதித்தொகுப்பிலிருந்து நகலெடுக்கும் எதிர்வினை வளைவை ஒரு பதிவிலிருந்து தானே வரைந்து பார்க்க ஒரு மதியப்பொழுது போதும்.

6. நடுக்கமே வராத ஊரில் என்னத்தைப் படிப்பது? டென்மார்க்கில் நிலநடுக்கம் அரிது. கோபன்ஹேகனில் இருந்த இங்கே லேமான் 1929 நியூசிலாந்து நடுக்கத்தின் பதிவுகளில் வரக்கூடாத இடத்தில் வந்த அலையைக் கவனித்து, பூமிக்கு உட்கரு உண்டென்று 1936இல் நிறுவினார். இந்திய நிலவியல் துறையில் பணியாற்றிய ஓல்டம் 1897 அசாம் நடுக்கத்தின் அலைகளை இனம் பிரித்ததும் தொலைதூர நாடுகளில் விழுந்த பதிவுகளைக் கொண்டுதான். நம் கொடைக்கானலில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே மில்ன் நிலநடுக்கமானி இருந்தது. தமிழ்நாட்டுக்கு இந்தக் கல்வி புதிதல்ல.

தேசிய மையத்திடமும் ஒரு கோரிக்கை உண்டு. நடுக்கங்களின் பட்டியல் கிடைக்கும் எளிமையோடு அலைப்பதிவு மக்களுக்குக் கிடைப்பதில்லை. மக்கள் வரிப்பணத்தில் இயங்கும் தென்னிந்திய நிலையங்களின் பதிவுகளைப் பல்லேக்கலே போலத் திறந்துவிட வேண்டும்.

ஆவடி முதல் பூந்தமல்லி வரை உள்ள சிவில் துறைத் தலைவர்களுக்கு: அடுத்த செமஸ்டரில் ஓர் ஆய்வக வகுப்பை இதற்கு ஒதுக்குங்கள். முதல் பதிவாக 2004 டிசம்பர் 26 காலை 6:28க்குப் பிந்தைய பல்லேக்கலேப் பதிவைத் திறக்கச் சொல்லுங்கள். இரண்டாம் வாரம் உங்கள் கல்லூரி வளாகத்தின் மண் எந்தத் தாளத்தில் ஆடுகிறது என்று மாணவர்களையே அளக்கச் சொல்லுங்கள். ஸ்டில்ட் வீட்டுக்கு முன்பணம் கொடுக்கப் போகிறவர்கள் உங்கள் மனைக்கான அந்த எண்ணைப் பில்டரிடம் கேளுங்கள். சொல்லத் தெரியாதவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.